முப்பத்தொன்றாம் அறையின் சிவப்புப் பூட்டு

ஹாரோ பே
ஞாயிறு, 22 செப்டம்பர் 1996

அன்புள்ள வெர்னா பெரியம்மா,

நடந்ததை நடந்தபடியே, கூட்டாமல் குறைக்காமல் இந்தக் கடிதங்களில் பதிவு செய்யப் போகிறேன். எனக்குப் பிடிக்காத விஷயம் வந்தாலும் விடமாட்டேன். ஊகத்தை ஊகம் என்றே சொல்லி எழுதுவேன். இதற்காகவே கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்கி, அதில் குறித்து வைத்துப் பார்த்து எழுதுகிறேன்.

வியாழக்கிழமை வரும் நம் ஊர்ப் பத்திரிகையை நான் கடைசிப் பக்கம் வரை படிப்பேன் என்பது உங்களுக்குத் தெரியும். இந்த வாரம் ஆறாம் பக்கத்தில், பழைய படகு விற்பனைக்கும் காணாமல் போன நாய்க்கும் நடுவில், கட்டம் போட்டு ஒரு சின்ன அறிவிப்பு. "லூன் ரோடு ஸ்டோரேஜ். வாடகை பாக்கிக்காக ஏலம். அக்டோபர் 12, சனிக்கிழமை காலை பத்து மணி. அறை 31, வி. கங்காஸ். ஆறடிக் கல் வைத்த கேஸ் அடுப்பு, கண்ணாடி அலமாரி, நாற்காலிகள், பாத்திரங்கள்."

அது உங்கள் அறை. அந்த அடுப்பு உங்கள் அடுப்பு. கப்பல் சமையல் வேலையை விட்டுவிட்டுத் திறக்கப்போகும் சாப்பாட்டுக் கடைக்காக ஒன்பது வருடமாக நீங்கள் சேர்த்தது எல்லாமே அந்த அறையில்தான் இருக்கிறது.

அம்மாவிடம் பத்திரிகையைக் காட்டப் போனேன். "பெரியம்மாவோட அறை..." என்று ஆரம்பிப்பதற்குள், "அவ விஷயத்துல மூக்கை நுழைக்காதடி. அவளே பாத்துப்பா. அவளுக்குத்தான் எல்லாம் தெரியுமே" என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போய்விட்டார். முதியோர் இல்லத்துச் சலவை அறையில் இந்த மாதமும் அம்மாவுக்கு இரவு வேலை. பகலில் தூக்கம்.

ஈஸ்டர் சாப்பாட்டில் நடந்த சண்டைக்குப் பிறகு நீங்கள் இருவரும் பேசுவதில்லை என்பதால், நான் எழுதுவது அம்மாவுக்குத் தெரியாது. இது பொய் சொல்வதில் சேருமா என்று யோசித்துப் பார்த்தேன். அம்மா கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அவ்வளவுதான்.

நீங்கள் வாடகை கட்டவில்லையா?

உங்கள் ஐலா

*

எட்வின் கார்லைல் கப்பல், சமையலறை
28 செப்டம்பர்

ஐலா,

உன் கடிதம் இன்று காலை ஆற்றில் தபால் படகு வந்தபோது, நாங்கள் கயிறு கட்டி இறக்கிய வாளியில் ஏறி வந்தது. நாற்பது முட்டை அடுப்பில் இருந்தது. அத்தனையும் தீய்ந்துபோனது. கப்பல் பையன்கள் கரியோடு சேர்த்தே தின்றார்கள், என் முகம் அப்படி இருந்திருக்கும்.

வாடகை கட்டினேன். ஒவ்வொரு மாதமும் முதல் வாரம் மணி ஆர்டர் எடுத்து, அவர்களுடைய வழக்கமான தபால் பெட்டி எண்ணுக்கே அனுப்பினேன். ஒவ்வொன்றின் அடிக்கட்டையும் என் தலையணைக்குக் கீழே இருக்கிறது. ஆகவே யாரோ பொய் சொல்கிறார்கள். யார் என்பதுதான் கேள்வி.

ஏலம் போடுவதற்கு முன்னால் எனக்கு எழுதியிருக்க வேண்டும். அது சட்டம், அவ்வளவு எனக்கும் தெரியும். எனக்கு ஒரு கடிதமும் வரவில்லை. கப்பல் ஒரு முகவரி ஆகாது என்று அந்தக் காலத்திலேயே சொல்லிவிட்டார்கள். அதனால் நான் கொடுத்த முகவரி உங்கள் வீடு. அவர்கள் எழுதியிருந்தால் அங்கேதான் வந்திருக்கும். அங்கே இருப்பது நீங்கள் இரண்டு பேர். நீ பகலில் பள்ளிக்கூடத்தில்.

இதற்கு மேல் நான் எழுதவில்லை. உனக்கு மூளை இருக்கிறது.

உன் அம்மாவிடம் கேட்காதே. கேட்டால் சிரிப்பாள். ஈஸ்டர் அன்று, இரண்டு பேருமாகச் சேர்ந்து கடை போடலாம் என்று நான் சொன்னபோது எப்படிச் சிரித்தாள், நீயும் மேசையில் இருந்தாய். "கப்பல்ல இருக்கிறவனுங்களுக்கு வேற வழியில்ல, நீ போட்டதைத் திங்கிறானுங்க. ஊர்ல காசு குடுக்கிறவன் எழுந்து போயிடுவான்கா." எல்லார் முன்னாலும் சொன்னாள். நான் மறக்கவில்லை.

கேட்காதே. கவனி. டெலிபோனுக்குக் கீழே இருக்கும் இழுப்பறையைப் பார். அடுப்புச் சாம்பலைப் பார். அந்த ஸ்டோரேஜ் ஆள் என்ன சொல்கிறான் என்று நேரில் போய்க் கேள். இன்று மாலை துறைமுகம் சேர்ந்ததும் இரண்டு தடவை போன் பண்ணினேன், மெஷின்தான் பேசியது. உங்கள் வீட்டுக்குப் பண்ணமாட்டேன். எடுப்பது அவள்.

வெர்னா

*

ஹாரோ பே
புதன், 2 அக்டோபர்

அன்புள்ள பெரியம்மா,

கவனித்தேன். கவனிப்பது புத்தகங்களில் படிப்பதுபோல் சுலபமாக இல்லை. அம்மா எனக்குச் சூப் ஊற்றும்போது நான் அம்மாவின் கையைச் சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தேன். "என்னடி முறைக்கிறே? உப்பு போடலன்னு இப்பவே தெரிஞ்சுடுச்சா?" என்று கேட்டார்.

இழுப்பறையில் ரப்பர் பேண்டும் தீர்ந்துபோன பேனாக்களும் மட்டுமே. சாம்பலில் ஒன்றுமில்லை.

நேற்று பள்ளி விட்டதும் சைக்கிளில் லூன் ரோட்டுக்குப் போனேன். பழைய முதலாளி அந்த இடத்தை ஜூன் மாதமே விற்றுவிட்டுத் தெற்கே போய்விட்டாராம். இப்போதிருப்பவர் பெயர் ஷெல்பி. மேசை மேல் எல்லாம் நேர்கோட்டில் வைத்திருக்கிறார், பென்சில்கள் உட்பட. அப்படிப்பட்டவர் நல்லவரா கெட்டவரா என்று என்னால் தீர்மானிக்க முடியவில்லை.

"முப்பத்தொண்ணா? அந்தம்மாவுக்கு நீ என்ன வேணும் பாப்பா?"

"அவங்க தங்கச்சி பொண்ணு சார். அவங்களுக்கு உங்க கடிதம் எதுவும் வரலையாம்."

"வரலையா?" அவர் சிரித்த சிரிப்பு நன்றாக இல்லை. "வந்துச்சு பாப்பா. வந்து, திரும்பியும் வந்துச்சு."

கோப்பிலிருந்து மூன்று உறைகளை எடுத்து வரிசையாக வைத்தார். மூன்றும் கையெழுத்து வாங்கிக் கொடுக்கும் பதிவுத் தபால். மூன்றிலும் உங்கள் பெயர், எங்கள் வீட்டு முகவரி. மூன்றின் மீதும் தபால்காரர் முத்திரை: "மறுக்கப்பட்டது". தேதிகளை நோட்டில் எழுதிக்கொண்டேன். ஜூன் 18, ஆகஸ்ட் 6, செப்டம்பர் 10. முதலாவது, இனி வாடகையைப் புது முகவரிக்கு அனுப்பவேண்டும் என்று சொல்வது. இரண்டாவது, பாக்கி என்று சொல்வது. மூன்றாவது, ஏலம்.

"ஆள் இல்லன்னா வேற முத்திரை குத்துவான். இது ஆள் இருந்து, முகத்துக்கு நேரா வேணாம்னு சொன்னது. நான் ஒண்ணும் ராவோட ராவா பூட்டை உடைக்கலையே. சட்டம் என்ன சொல்லுதோ அதை வரிக்கு வரி செஞ்சிருக்கேன்."

அறையைக் காட்டச் சொன்னேன். கூட்டிப்போனார். நீளமான வழி, இரண்டு பக்கமும் ஆரஞ்சு நிற ஷட்டர்கள். உங்கள் பூட்டை வெட்டி எடுத்துவிட்டு, பட்டியல் எழுதிய பிறகு தன் சிவப்புப் பூட்டைப் போட்டிருக்கிறார். நாங்கள் திரும்பி வரும்போது வேறொரு ஆள் அலுவலகத்தில் காத்திருந்தார். சட்டைப்பையில் அளவு நாடா. "அந்த அடுப்பு கேஸா, கரண்ட்டா?" என்று ஷெல்பியிடம் கேட்டார். ஷெல்பி என்னை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, "சனிக்கிழமை வாங்க, எல்லாருக்கும் ஒண்ணாத்தான் காட்டுவேன்" என்றார். அளவு நாடாவும் ஓரக்கண்ணும் நான் கண்டவை. இருவரும் கூட்டு என்பது ஊகம்.

அதன்பின் நூலகத்துக்குப் போய் மாநிலச் சட்டப் புத்தகத்தை எடுத்துத் தரச் சொன்னேன். வாடகைச் சேமிப்பு அறைகளுக்கென்றே தனிப் பகுதி இருக்கிறது. மூன்று தடவை படித்தேன். அறையை வாடகைக்கு எடுத்தவர் கடைசியாகக் கொடுத்த முகவரிக்கு முறைப்படி தபாலில் சேர்த்துவிட்டால், அறிவிப்பு கொடுத்துவிட்டதாகவே ஆகும்.

"யாருமே அதை வாங்கலைன்னா?" என்று நூலக அம்மாவிடம் கேட்டேன்.

"வாங்கலைன்னாலும்தான் கண்ணு. இல்லன்னா உலகத்துல ஒருத்தனும் எந்தத் தபாலையும் வாங்கமாட்டானே."

அதே பக்கத்தில் இன்னொன்றும் இருந்தது. ஏலம் தொடங்கும் வரைக்கும் பாக்கியைக் கட்டிவிட்டால் ஏலம் நிற்கும்.

இனி எழுத வேண்டியது எனக்குப் பிடிக்காதது. வீட்டுக்கு வந்ததும் சமையலறைக் காலண்டரைத் திருப்பிப் பார்த்தேன். அம்மா அதில் தன் வேலை நாட்களைக் குறிப்பார். ஜூன் 18, ஆகஸ்ட் 6, செப்டம்பர் 10. மூன்று கட்டங்களிலும் மூலையில், பென்சிலால், சின்னதாக ஒரு "வெ". உங்கள் பெயரின் முதல் எழுத்து. வேறு எந்த மாதத்திலும் அது இல்லை.

அம்மாவுக்குத் தெரிந்தே நடந்திருக்கிறது. தேதி குறித்து வைக்கும் அளவுக்கு.

நேற்று இரவு வேலைக்குக் கிளம்பும்போது, "உங்க பெரியம்மா ஏதாவது எழுதினாளா?" என்று கேட்டார். ஆறு மாதத்தில் கேட்டதே இல்லை. ஏன் இப்போது கேட்க வேண்டும்? நான் "இல்லை" என்றேன். அது பொய். அதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

ஐலா

*

எட்வின் கார்லைல்
5 அக்டோபர்

ஐலா,

அப்படியென்றால் உன் அம்மா லொரெய்ன்தான். சரி.

காலண்டரில் எழுத்துப் போட்டு எண்ணியிருக்கிறாள். ஒன்று, இரண்டு, மூன்று. என் கடை திறக்காது என்று மேசையில் சொன்னாள், திறக்காமல் பார்த்துக்கொள்ள வீட்டுக்குள் உட்கார்ந்தே வழி கண்டுபிடித்துவிட்டாள். வாசலில் நின்று "வேண்டாம்" என்று மூன்று தடவை சொன்னால் போதும். அவளுக்கு ஒரு பைசா செலவில்லை.

கப்பல் பதினைந்தாம் தேதிக்கு முன் நம் ஏரிக்குள் வராது. நடுவில் இறங்கினால் இந்தப் பருவத்தின் வேலை போய்விடும்.

இதோடு ஜூனிலிருந்து அனுப்பிய மணி ஆர்டர்களின் நான்கு அடிக்கட்டைகள் வைத்திருக்கிறேன். என் சார்பில் லொரெய்ன் கங்காஸின் மகள் ஐலா பேசலாம், பாக்கியை யார் கட்டினாலும் அது நான் கட்டியதாகும் என்று கையெழுத்திட்ட தாளும் இருக்கிறது. அந்த ஷெல்பியின் நேர்கோட்டுப் பென்சில்களுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வை. கட்டிய வாடகையை இரண்டாம் தடவை கட்ட நான் முட்டாள் இல்லை. அவன் முந்தைய ஆளிடம் வாங்கிக்கொள்ளட்டும்.

உன் அம்மாவுக்குத் தனியாக எழுதிப் போட்டுவிட்டேன். பதிவுத் தபாலில். இதையும் மறுக்கட்டும், பார்க்கலாம். மறுத்தாலும் முத்திரையோடு எனக்குத் திரும்பி வரும்.

நீ அவளிடம் எதுவும் கெஞ்சாதே.

வெர்னா

அவள் கையில் சலவைச் சோடா பட்டுக் கொப்புளித்திருந்ததே, ஈஸ்டரின்போது. ஆறிவிட்டதா? சும்மா கேட்டேன். பதில் எழுத வேண்டும் என்றில்லை.

*

ஹாரோ பே
வியாழன், 10 அக்டோபர்

பெரியம்மா,

இந்தக் கடிதம் சனிக்கிழமைக்கு முன் உங்களுக்குக் கிடைக்காது. ஆனாலும் அன்றன்று எழுதுவதுதான் உண்மையாக இருக்கும்.

அடிக்கட்டைகளை ஷெல்பி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பொய் என்று சொல்லவில்லை. "அந்தம்மா கட்டியிருக்காங்க. எனக்குக் கட்டலை. பழைய ஆளோட தபால் பெட்டி இன்னும் அவர் பேர்லதான் இருக்கு. அவர் அரிசோனாவுல வெயில் காயறாரு. இதெல்லாம் அங்க குவிஞ்சு கிடக்கும், இல்ல அவர் மாத்திச் செலவு பண்ணியிருப்பாரு. அது அவங்க ரெண்டு பேர் வழக்கு. புது முகவரி அனுப்பிட்டேனா இல்லையா, சட்டம் அதை மட்டும்தான் கேக்கும்." அபராதமும் சேர்த்து முந்நூற்றுப் பன்னிரண்டு டாலர். காசோலை வாங்கமாட்டாராம். உங்கள் தாளை மட்டும் எடுத்து, துளைபோட்டுக் கோப்பில் சேர்த்தார்.

என்னிடம் இருப்பது நாற்பத்தாறு டாலர்.

கெஞ்சக் கூடாது என்றீர்கள். நான் கெஞ்சவில்லை. இன்று மதியம் ஜுரம் என்று சொல்லிப் பள்ளியிலிருந்து சீக்கிரம் வந்து (பொய், இரண்டாவது), அம்மா எழுந்து காபி போடும்போது மேசை மேல் காலண்டரை வைத்து ஜூன் மாதத்தைத் திறந்தேன்.

"இது என்னம்மா?"

அம்மா பார்த்தார். அவர் முகம் வெளுக்கும் என்று எதிர்பார்த்தேன். அவர் சிரித்தார். ஈஸ்டர் சிரிப்பு இல்லை, வேறு.

"அதுவா? அது உங்க பெரியம்மாவுக்குக் காட்டறதுக்குடி. அவ ஜனவரியில கப்பல்லேருந்து இறங்குவால்ல, நானா போய்ப் பேசமாட்டேன். ஆனா காலண்டரைத் தூக்கி முன்னாடி போடுவேன். பாருக்கா, பேசாம இருந்தப்பவும் மூணு தடவை உன்னைக் காப்பாத்தியிருக்கேன்னு."

"காப்பாத்தினீங்களா?"

"பதிவுத் தபால்ல நல்ல சேதி எவன் அனுப்புவான்? வரிக்காரனா இருக்கும், இல்ல பேங்க்கு. அனுப்பினது யாருன்னுகூடப் பாக்கலை, அவ பேரைப் பாத்தேன், போதும். 'வேணாம்ப்பா, எடுத்துட்டுப் போ'ன்னு சொல்லிட்டேன். கையெழுத்துப் போடாத வரைக்கும் காயிதம் வந்ததாவே ஆகாது. எனக்கு அதைச் சொல்லிக்குடுத்ததே அவதான்!"

பிறகு சொன்னார். தாத்தாவின் மீன்பிடி படகுக் கடனுக்காகத் தபால்கள் வந்துகொண்டே இருந்த குளிர்காலம். உங்களுக்குப் பதினைந்து வயது, அம்மாவுக்கு எட்டு. நீங்கள் கதவிடுக்கில் காலை வைத்துக்கொண்டு, "அப்பா இல்ல, அம்மா இல்ல, எனக்கு எழுதத் தெரியாது" என்று தபால்காரரைத் திருப்பி அனுப்பினீர்களாம். அம்மாவை நிற்கவைத்துப் பழக்கினீர்களாம். நீங்கள் தபால்காரர், அம்மா கதவு. அந்த வசந்தம் வரைக்கும் யாரும் அடுப்பைத் தூக்கிக்கொண்டு போகவில்லை. ஆகவே அது பலித்தது என்று நம் வீட்டில் நீங்கள் எல்லாரும் நம்பினீர்கள். இன்றுவரை அம்மா எந்தப் பதிவுத் தபாலிலும் கையெழுத்துப் போட்டதில்லை.

நான் நோட்டிலிருந்து சட்டத்தைப் படித்தேன். தபாலில் சேர்த்தாலே கொடுத்ததாக ஆகும் என்ற வரியை அம்மா திரும்பப் படிக்கச் சொன்னார். மறுபடியும் சொன்னார். பிறகு பத்திரிகையில் ஆறாம் பக்கத்தைக் காட்டினேன். நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். காபி பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது, நான்தான் துடைத்தேன்.

"அப்போ நான்தான் அவ கடையை வித்துட்டேனா?" என்றார். நாளை அம்மாவுக்குச் சம்பள நாள்.

பெரியம்மா, நான் அம்மாவைப் பற்றி உங்களுக்கு எழுதியது எல்லாம் உண்மை. தேதிகள் உண்மை, பென்சில் எழுத்து உண்மை. ஆனால் நான் எழுதியதைப் படித்து நீங்கள் அடைந்த முடிவு தவறு. என் முடிவும் அதுதான். ஊகத்தை ஊகம் என்று எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அந்த இடத்தில் எழுதவில்லை.

ஐலா

*

ஹாரோ பே
சனி, 12 அக்டோபர்

அன்புள்ள பெரியம்மா,

நேற்றுப் பதினோரு மணிக்குத் தபால்காரர் வந்தார். நான் வீட்டில்தான் இருந்தேன் (ஜுரம் தொடர்கிறது). பதிவுத் தபால், அம்மா பெயருக்கு, உங்கள் கையெழுத்தில்.

"வழக்கம்போல வேணாம்தானே லொரெய்ன்?" என்று அவர் ஏற்கெனவே பேனாவை எடுத்து முத்திரைக் கட்டத்தில் வைத்துவிட்டார்.

அம்மா வாசல்படியில் நின்றார். உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். உங்கள் கோபம் அப்படியே இருக்கும். வேண்டாம் என்று சொல்லிவிடட்டும் என்றுகூட நினைத்தேன்.

"இல்ல. எங்க போடணும், காட்டு" என்றார்.

படித்தார். என்னிடம் கொடுத்தார், அதனால் எனக்கும் தெரியும். "லொரெய்ன், என் கடையை நீ தூங்கிக்கொண்டே கொளுத்திவிட்டாய். இனி எனக்குத் தங்கை இல்லை. வெ." இரண்டே வரி. அம்மா அதை மடித்துச் சலவைச் சீருடையின் பையில் வைத்துக்கொண்டு, "அவ எழுத்து இப்பவும் கோணல்தான்" என்று மட்டும் சொன்னார். சாயங்காலம் மளிகைக் கடையில் சம்பளக் காசோலையை மாற்றினார். என் நாற்பத்தாறையும் கேட்டு வாங்கிக்கொண்டார். நவம்பருக்கு வீட்டைச் சூடாக்கும் எண்ணெய் எப்படி வாங்குவோம் என்று நான் கேட்கவில்லை.

இன்று ஒன்பது மணிக்கு ஷெல்பி கதவைத் திறப்பதற்கு முன்பே நாங்கள் அங்கே இருந்தோம். அளவு நாடாக்காரரும் இருந்தார், ஒரு டிரக்கோடு. இரவு முழுக்க வேலை செய்துவிட்டு வந்த அம்மாவின் தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருந்தது.

"முப்பத்தொண்ணுக்கா? நீங்க யாரு?" என்றார் ஷெல்பி.

"மூணு தடவை மறுத்தவ நான்தான்" என்றார் அம்மா. பணத்தை மேசையில் வைத்தார்.

ஷெல்பி கோப்பைத் திறந்து உங்கள் தாளைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், ரசீது எழுதினார். எனக்கு அவர் மேல் இன்னும் சந்தேகம் முழுதாகப் போகவில்லை. ஆனால் அளவு நாடாக்காரரிடம் போய், "முப்பத்தொண்ணு இல்ல. எடுத்தாச்சு" என்று சொன்னது அவர்தான். அந்த ஆள், "என்ன சார், பேசினது ஒண்ணு..." என்று தொடங்கி, என்னைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். இதையும் குறித்துக்கொண்டேன்.

சிவப்புப் பூட்டைக் கழற்றினார்கள். அலுவலகத்திலேயே ஒரு புதுப் பூட்டு வாங்கினோம். அதற்கு இரண்டு சாவிகள். ஒன்று இந்தக் கடிதத்தில் ஒட்டியிருக்கிறது. மற்றதை நான் கேட்டேன், அம்மா தரவில்லை.

ஷட்டரைத் தூக்கியதும் அம்மா உள்ளே போய் அந்த அடுப்பின் மேல் போர்த்தியிருந்த கம்பளியை விலக்கினார். விரலால் கல்லைத் தேய்த்துப் பார்த்தார். "எண்ணெய் தடவாமலே போட்டுவெச்சிருக்கா. துரு பிடிக்காதா? இருபது வருஷமா சமைக்கிறாளாம்." கையில் கொப்புளம் ஆறிவிட்டது, கேட்டிருந்தீர்கள். தழும்பு இருக்கிறது.

உங்களுக்கு என்ன எழுத வேண்டும் என்று கேட்டேன். அம்மா நாற்காலிகளை ஒவ்வொன்றாக எண்ணி, ஆட்டிப் பார்த்து, ஒன்றை இறக்கி உட்கார்ந்தார்.

"நான் சொன்னேன்னு எழுதாத. நாற்காலி பதினெட்டு இருக்கு, அதுல ரெண்டு ஆடுதுன்னு எழுது. ஜனவரிக்குள்ள யாராவது சரி பண்ணி வெச்சா நல்லதுன்னு எழுது."

எழுதிவிட்டேன். அவர் சொன்னார் என்பதையும் எழுதிவிட்டேன், உண்மையை எழுதுவதாகச் சொன்னதால்.

அதற்குள் பத்து மணி. வெளியே மற்ற அறைகளுக்கான ஏலம் தொடங்கும் சத்தம் கேட்டது. ஆனாலும் அம்மா எழுந்திருக்கவில்லை. இரவு வேலைக் களைப்பில் அந்த நாற்காலியிலேயே, அடுப்பின் ஓரத்தில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டார். நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, நோட்டை முழங்காலில் வைத்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். ஏலம் முடிந்து ஷெல்பி வந்து எட்டிப்பார்த்தார். அம்மாவைப் பார்த்துவிட்டு, எழுப்ப வாயெடுத்து, எழுப்பாமல், சனிக்கிழமை அரை நாள்தான், இருந்துட்டு வாங்க, பின்வாசல் திறந்திருக்கும் என்று மெதுவாகச் சொன்னார். காலடி தூரமாகப் போயிற்று. பிறகு, எங்கள் அறைக்கு எதிரே உள்ளதை மட்டும் விட்டுவிட்டு, அந்த நீள வழியின் மற்ற விளக்குகளை அணைத்தார்.